பல வருடம் கழித்து இணையத்தில் வந்த நண்பர் கடன் கேட்கிறாரா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து வருடமாகத் தொடர்பே இல்லாத பள்ளித் தோழர் ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ வருகிறார். நாலு நாள் பழைய கதை பேசுகிறார். ஐந்தாம் நாள் பணம் கேட்கிறார். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், "அவன் உன்கிட்டயும் கேட்டானாடா?" என்ற போன் எனக்குத்தான் முதலில் வரும்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்றே. இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எழுதுவது உண்மையிலேயே அவர்தானா என்பது ஒரு கேள்வி. அவர்தான் என்றால் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்; இரண்டாவதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

அவரையும் உங்களையும் தெரிந்த ஒருவருடைய போன் நம்பர். அந்த நண்பரின் பழைய நம்பரோ, அவர் வீட்டு நம்பரோ எங்காவது கிடைத்தால் அதுவும். உங்கள் வங்கிக் கணக்கின் கடந்த மூன்று மாத வரவுசெலவு. அப்புறம், ஒரு நாள் அவகாசம். இந்தக் கடைசி ஒன்று இல்லையென்றால் மற்றவை இருந்தும் பிரயோஜனமில்லை.

1. முதல் பதிலில் "சரி"யும் வேண்டாம், "முடியாது"ம் வேண்டாம்

பணம் என்ற வார்த்தை வந்ததும் நம் ஆட்கள் செய்வது இரண்டில் ஒன்று. கூச்சப்பட்டு "எவ்வளவுடா வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள், இல்லை, பயந்துபோய் பிளாக் செய்துவிடுவார்கள். முதலாவது, கொடுக்கச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவது, உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கும் நண்பரை அவமானப்படுத்திவிடும்.

இப்படி எழுதினால் போதும்: "மெசேஜ் பார்த்தேன்டா. இப்போ வேலைல இருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் பேசறேன்." தொகையைக் கேட்காதீர்கள், காரணத்தையும் கேட்காதீர்கள்.

இதற்கு வரும் பதிலைக் கவனியுங்கள். "இல்ல மச்சான், இன்னும் ஒரு மணி நேரத்துல கட்டலேன்னா..." என்று அவசரப்படுத்தினால், அவர் யாராக இருந்தாலும் அடுத்த படியைத் தாண்டாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. யோசிக்க நேரம் தராமல் இருப்பதுதான் ஏமாற்றுபவரின் முழு முதலீடும்.

2. ஆள் அவர்தானா?

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். போலி ஆள் மூன்று விதமாக வரலாம். நண்பரின் படத்தையும் பெயரையும் எடுத்துப் புதிதாகத் திறந்த கணக்கு. நண்பரின் உண்மையான கணக்கையே கைப்பற்றிய திருடன். அல்லது வாட்ஸ்அப்பில் புது நம்பரிலிருந்து "நம்பர் மாத்திட்டேன்டா" என்று வருபவர். ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு.

*கணக்கின் வயதைப் பாருங்கள்.* இன்ஸ்டாகிராமில் ஒருவருடைய பெயரைத் தொட்டால் "இந்தக் கணக்கைப் பற்றி" என்ற பகுதியில் எந்த மாதம், எந்த ஆண்டு சேர்ந்தார் என்று தெரியும். ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளுக்குக் கீழே கமென்ட் போட்டவர்கள் யார், எந்தத் தேதியில் என்று பாருங்கள். எல்லாப் படமும் ஒரே வாரத்தில் ஏற்றப்பட்டிருந்தால் புதுக் கணக்கு. அதற்காகப் பழைய கணக்கு என்றால் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. கைப்பற்றப்பட்ட கணக்கும் பழையதுதான்.

*வந்த வழியில் திரும்பிப் போகாதீர்கள்.* மெசஞ்சரில் கேட்டவரை மெசஞ்சரிலேயே "நீதானா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. பழைய நம்பருக்குச் சாதாரண போன் கால் செய்யுங்கள். அது இல்லையென்றால் பொது நண்பரிடம், "அவன் நம்பர் உன்கிட்ட எது இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பணம் கேட்டது பற்றி இப்போதே சொல்ல வேண்டாம்.

*கேள்வி கேட்கும்போது பதிலைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.* நான் பார்த்ததில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஒரு உரையாடல் பொதுவாக எப்படிப் போகிறது என்று பாருங்கள்:

"டேய், யாருன்னு தெரியுதா?"
"டிபி பார்த்தா செந்தில் மாதிரி இருக்கே. பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல என் ரூம்ல இருந்த செந்திலா?"
"அதே செந்தில்தான்டா! அந்த ஹாஸ்டல் ரூமை மறக்க முடியுமா!"
"அந்த வார்டன்கிட்ட மாட்டினோமே, சினிமாவுக்குப் போய்ட்டு வந்து..."
"ஹாஹா, அந்த வார்டன்! என்னா அடி!"

எதிரில் இருப்பவர் தானாக ஒரு தகவல்கூடச் சொல்லவில்லை. ஊர், ஹாஸ்டல், வார்டன், சினிமா எல்லாம் நம்மவரே எடுத்துக் கொடுத்தது. அடி வாங்கியதை மட்டும் அவர் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்து ஹாஸ்டலில் அதை ஊகிக்க யாராலும் முடியும். ஆனால் பேசி முடித்தவருக்கு, பழைய நண்பனோடு மணிக்கணக்கில் பேசிய திருப்தி.

"நாம கடைசியா எங்க பார்த்தோம்?", "உங்க வீட்டுக்கு வந்தப்போ யார் இருந்தாங்க?" என்று, பதிலுக்கான துப்பு எதுவும் கேள்வியிலேயே இல்லாதபடி கேளுங்கள். பள்ளியின் பெயர், ஆசிரியர் பெயர், பேட்ச் வருடம் எல்லாம் ரீயூனியன் ஆல்பங்களிலேயே கிடக்கின்றன. அவற்றைக் கேட்பது வீண். கணக்கு கைப்பற்றப்பட்டிருந்தால் உங்கள் பழைய சாட் முழுவதும் திருடன் கையில் இருக்கும். அதனால் எப்போதாவது அங்கே எழுதிய விஷயமும் சோதனைக்கு உதவாது.

இல்லாத ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. "நம்ம குமரேசன் சார் ரிட்டயர்ட் ஆயிட்டாராமே?" அப்படி ஒரு சாரே கிடையாது என்றால், உண்மையான நண்பர் "யார்டா குமரேசன்?" என்பார். போலி ஆள் "ஆமாடா, பாவம்" என்பார். ஆனால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள். மறதியை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டுத் தலையாட்டும் நல்லவர்களும் இருக்கிறார்கள்.

*குரலையும் முகத்தையும் தனியாக நம்பாதீர்கள்.* சில நொடி ஆடியோ இருந்தாலே ஒருவர் குரலைப்போல் பேச வைக்கும் மென்பொருள் வந்துவிட்டது. வாய்ஸ் நோட் ஆதாரமாகாது. வீடியோ காலில் முகத்தைக்கூட மாற்றிக் காட்ட முடியும். கேமரா வேலை செய்யவில்லை, சிக்னல் இல்லை என்று ஒரே சாக்கு திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட உறுதியானது, அவர் ஊரில் இருக்கும் யாராவது ஒருவர் அவரை நேரில் பார்த்துவிட்டு உங்களுக்கு போன் போடுவது.

*ஓ.டி.பி. கேட்டால் பேச்சே வேண்டாம்.* "உன் போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும், தப்பா அனுப்பிட்டேன், சொல்லு" என்றால், உங்கள் வாட்ஸ்அப்பை எடுக்கப் பார்க்கிறார்கள். கொடுத்தால் அடுத்து உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களிடம் கடன் கேட்கப்படும்.

3. அவர்தான். பணம் எதற்கு?

இங்கே வந்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் உடனே கொடுத்துவிடுவார்கள். ஆள் உண்மை என்பதால் காரணமும் உண்மையாகிவிடாது. இப்போது போனில் பேசுங்கள். மெசேஜில் வேண்டாம். எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள், எப்படித் திருப்புவார் என்று நாலையும் கேளுங்கள். கேட்பதில் தவறொன்றும் இல்லை. கடன் கேட்கத் துணிந்தவர் காரணம் சொல்லவும் தயாராகத்தான் இருப்பார்.

மருத்துவமனைச் செலவு என்றால், நோயாளியின் பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளிப் பதிவு எண்) கேட்டு, மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து பில்லிங் கவுன்டரில் பேசுங்கள். அவர் அனுப்பும் நம்பருக்குப் பேசாதீர்கள். முடிந்தால் தொகையை மருத்துவமனைக் கணக்குக்கே கட்டுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பயன்படுத்தினாரா என்றும் கேளுங்கள். பதற்றத்தில் அதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

பிள்ளையின் ஃபீஸ் என்றாலும் அதே முறைதான். கல்லூரியின் கணக்குக்கே கட்டலாம்.

கடன் ஆப்பில் வாங்கியதைக் கட்ட வேண்டும், ஆன்லைன் ரம்மியில் விட்டதை அடைக்க வேண்டும் என்றால் என் கருத்து வெளிப்படையானது: பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்கியிருப்பார். உங்கள் பணம் ஒரு வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். மொத்தம் எங்கெங்கே எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லி, வீட்டில் சொல்ல வைப்பதுதான் அவருக்குத் தேவையான உதவி. ஆப்காரர்கள் போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டுகிறார்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் சைபர் கிரைமில் புகார் கொடுக்க உடன் போங்கள்.

"ஏர்போர்ட் கஸ்டம்ஸில் பார்சல் மாட்டியிருக்கு", "ஒரு டிரேடிங் குரூப் இருக்கு, நீயும் போடு" என்பவை கடன் விஷயமே இல்லை, மோசடி. நண்பரே அதில் மாட்டியிருக்கலாம் என்பதால் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

சிலர் பணம் கேட்க மாட்டார்கள். "உன் அக்கவுன்ட்டுக்கு 50,000 வரும், எடுத்து எனக்கு அனுப்பு" என்பார்கள். இது கடனைவிட ஆபத்து. அது யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. விசாரணைக்குப் போய் நிற்பதும் நீங்கள்தான்.

4. வேறு யாரிடமெல்லாம் கேட்டிருக்கிறார்?

ஒரே வாரத்தில் ஏழெட்டு பேரிடம் ஏழெட்டுக் காரணம் சொல்லிக் கேட்டிருந்தால், அதைவிடத் தெளிவான தகவல் வேறில்லை. எல்லோரிடமும் ஒரே காரணத்தைச் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான், அவருக்குச் சாதகமான தகவல்.

ஆனால் குரூப்பில் போட்டுக் கேட்காதீர்கள். உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர் அதோடு ஒதுங்கிவிடுவார். நம்பிக்கையான ஒருவரிடம் தனியாக, "அவன் உன்கிட்ட சமீபத்துல பேசினானா?" என்று மட்டும் கேளுங்கள். அவரிடமும் கேட்டிருந்தால் அவரே சொல்லிவிடுவார். கேட்கவில்லையென்றால் விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

5. அவர் கேட்ட தொகையை மறந்துவிட்டு, உங்கள் தொகையை எழுதுங்கள்

அவர் ஒரு லட்சம் கேட்டால் நாம் ஐம்பதாயிரத்தில் பேரத்தை ஆரம்பிக்கிறோம். அந்த ஐம்பதாயிரம் எங்கிருந்து வந்தது? அவருடைய கணக்கிலிருந்து. நம் கணக்கைப் பார்க்கவே இல்லை.

வங்கி வரவுசெலவை எடுத்து வையுங்கள். வாடகை, இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம், அவசரத்துக்கென்று வைத்திருப்பது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, திரும்பி வராவிட்டாலும் வீட்டில் எந்தச் செலவும் நிற்காத தொகை எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் உச்சவரம்பு. அது 3,000 என்றால் 3,000தான். பூஜ்யம் என்றால் ஏழாம் படிக்குப் போங்கள்.

இதை மனைவியிடமோ கணவரிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "அப்புறம் சொல்லிக்கலாம்" என்று மறைத்துக் கொடுத்த கடனில், நண்பரைவிட வீட்டோடு வந்த சண்டைதான் பெரிதாக இருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நகையை அடகு வைத்தோ, கிரெடிட் கார்டில் எடுத்தோ, உங்கள் பெயரில் பெர்சனல் லோன் போட்டோ கொடுக்கக் கூடாது. அப்போது கடன்காரர் நீங்கள். வங்கிக்கு உங்கள் நண்பரைத் தெரியாது. ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். அவர் கட்டாவிட்டால் மொத்தத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு.

6. கடனா, உதவியா என்று இப்போதே தீர்மானியுங்கள்

கைமாத்து என்று கொடுத்துவிட்டு மனசுக்குள் "வராதுதான்" என்று நினைத்துக்கொள்வது இரண்டுங்கெட்டான் நிலை. கேட்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. சின்னத் தொகை என்றால் உதவி என்று சொல்லியே கொடுத்துவிடலாம்: "இதைத் திருப்பித் தர வேண்டாம்டா." பல வருடம் கழித்து வந்தவருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கேட்டது 40,000, நீங்கள் தந்தது 4,000 என்றாலும் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பெரிய தொகை என்றால் கடன் என்று தெளிவாகச் சொல்லி எழுத்தில் வையுங்கள். இது அவருக்கும் நல்லது. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாகப் பெற்றால், அந்தத் தொகை வாங்கியவரின் வருமானமாக எண்ணப்பட்டு வரிக்கு உட்படும். கடனுக்கு அது பொருந்தாது.

7. மறுப்பதென்றால்

சுருக்கமாக, ஒரே முறை, காரணங்களை அடுக்காமல். "என்னால இப்போ முடியாதுடா. தப்பா நினைக்காத." காரணம் சொன்னால் அதற்கு ஒரு தீர்வோடு வருவார். "சம்பளம் வரலை" என்றால் "எப்ப வரும்?" என்பார். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றால் ஒன்றாம் தேதி போன் வரும். மறுத்த பிறகும் ஒரு வாரம் கழித்து நீங்களாகவே பேசி நலம் விசாரியுங்கள். பணம் இல்லை என்றதும் அவரும் காணாமல் போனால், எதற்காகத் தேடி வந்தார் என்று தெரிந்துவிடும்.

8. கொடுப்பதென்றால்

முதலில் பெயர். யு.பி.ஐ.யில் நம்பர் போட்டதும் திரையில் வரும் வங்கிப் பதிவுப் பெயர் நண்பருடையதாக இருக்க வேண்டும். "அது மச்சினன் அக்கவுன்ட், என்னோடது முடங்கிருச்சு" என்றால் அனுப்பாதீர்கள். அவருடைய கணக்கு ஏன் முடங்கியது என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரையே போனில் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. "பின்னைப் போட்டால் உன் பணம் திரும்ப வரும்" என்று யார் சொன்னாலும் பொய்.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். வங்கி வழியாக அனுப்பினால் உங்களுக்கும் தேதியோடு ஆதாரம் இருக்கும். குறிப்புப் பகுதியில் "கடன்" என்று எழுதுங்கள்.

அனுப்பிய உடனே ஒரு மெசேஜ்: "இன்னைக்கு உனக்கு 25,000 ரூபாய் கடனா அனுப்பியிருக்கேன். மாசம் 5,000 வீதம் அஞ்சு மாசத்துல தர்றதா சொல்லியிருக்கே. சரிதானே?" அவர் "சரி" என்று பதில் போட வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் இந்த மெசேஜ். சாட்டை அழிக்காதீர்கள்.

தொகை அதைவிடப் பெரிது என்றால் புரோ நோட்டு, அதாவது பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் எழுதிக் கையெழுத்திடும் கடன் சீட்டு, எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனரி கடையில் அச்சடித்தே கிடைக்கும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோ நோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது உங்களுக்கே வம்பு. சாட்சி சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பொது நண்பர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அவரே பாதி வசூல் செய்துவிடுவார்.

வட்டி வாங்காதீர்கள் என்பது என் யோசனை. வட்டி வந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

9. திருப்பிக் கேட்பது

தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மெசேஜ் போடுங்கள். தேதி தாண்டியபின் கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். முன்னால் கேட்டால் ஞாபகப்படுத்துவதுபோல் இருக்கும். முதல் தவணை தவறினால் போன் செய்து புதுத் தேதி வாங்குங்கள். முதல் கடன் அடையாமல் இரண்டாவதாகக் கேட்டால் தராதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எந்த விதிவிலக்கும் வேண்டாம்.

கடனைக் கோர்ட்டில் கேட்க 3 ஆண்டுதான் காலவரம்பு. பணம் கொடுத்த தேதியிலிருந்து, புரோ நோட்டு என்றால் அதன் தேதியிலிருந்து. அதற்குள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஆரம்பிக்கும். நண்பராச்சே என்று நாலு வருடம் காத்திருந்துவிட்டு வக்கீலைத் தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

10. அனுப்பிய பிறகு போலி என்று தெரிந்தால்

உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, பணம் போன யு.பி.ஐ. முகவரி நாலையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம் உங்கள் வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள்.

சாட்டையும் புரொஃபைலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். கோபத்தில் முதலில் பிளாக் செய்துவிட்டு ஆதாரத்தை இழப்பவர்கள் அதிகம். போலி ஆளைத் திட்டி மெசேஜ் போடவும் வேண்டாம். கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவார்.

கடைசியாக, உண்மையான நண்பருக்கு போன் செய்து அவர் பெயரில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். இப்போது குரூப்பில் தாராளமாகப் போடலாம். ஸ்கிரீன்ஷாட்டோடு போட்டு, எல்லோரையும் அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள். வேறு யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் குரூப்பில் சொல்லக் கூச்சப்படுவார்கள். தனியாக உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர்களையும் அன்றைக்கே 1930-க்குப் பேச வையுங்கள்.